இந்திய விபர அட்டவணைக்கு ஆண்டும் அளவுகோலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் அரைப் பக்கத்தை ஒதுக்கி, இந்தியாவின் மக்கள், அரசாங்கம், பொருளாதாரம் ஆகியவற்றை எண்களில் சுருக்கித் தந்திருந்தீர்கள். எங்கள் ஊர் வாசிகசாலையில் உயர்தர வகுப்பு மாணவர்கள் மூவர் அந்த அட்டவணையை வரி விடாமல் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டேன். வன்னிப் பாடசாலைகளில் நீண்ட காலம் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் அந்தக் காட்சி எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தந்தது. நூலக வசதியும் இணைய வசதியும் குறைந்த இடத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நாளிதழின் அரைப் பக்கம் எவ்வளவு பெறுமதியானது என்பதை நான் அறிவேன். ஆனால் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து அதை நிதானமாக வாசித்தபோது, எந்த எண்ணுக்கும் அருகில் ஆண்டு குறிக்கப்படவில்லை என்பதும், எந்த அளவுகோலைக் கொண்டு அது அளக்கப்பட்டது என்று ஓரிடத்திலேனும் சொல்லப்படவில்லை என்பதும் தெரியவந்தது. அந்தக் குறையை விளக்குவதற்கும், அட்டவணையைத் திருத்தி மீண்டும் வெளியிடுமாறு வேண்டுவதற்குமே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அட்டவணையின் முதல் வரியில் சனத்தொகை 142 கோடியே 86 இலட்சம் என்றும், அதற்குக் கீழே எழுத்தறிவு 74 வீதம், நகரங்களில் வாழ்வோர் 31 வீதம், 1,000 ஆண்களுக்குப் பெண்கள் 943 பேர் என்றும் தரப்பட்டிருந்தன. இவற்றுள் முதலாவது எண், 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்கென ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டுச் சொன்னது. சீனாவை இந்தியா முந்துகிறது என்று அந்த ஆண்டு ஏப்ரலில் உலகெங்கும் செய்தியானதும் இதே எண்தான். மற்றைய மூன்றும் 2011ஆம் ஆண்டுத் தொகைமதிப்பிலிருந்து வந்தவை. அப்போது இந்தியாவின் சனத்தொகை 121 கோடி. இரண்டுக்கும் இடையே 12 ஆண்டுகளும், ஏறத்தாழ 22 கோடி மக்களும் இருக்கிறார்கள். 22 கோடி என்பது இலங்கையின் முழுச் சனத்தொகையைப் போலப் பத்து மடங்கு. மாணவர்களுள் ஒருவர் 142 கோடியை 74 வீதத்தால் பெருக்கி, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இத்தனை கோடி என்று விடையும் எழுதிவிட்டார். அவருடைய கணக்கில் பிழையில்லை. இரண்டு வேறு காலத்து எண்களை ஒரே பெட்டிக்குள் வைத்துக் கொடுத்ததுதான் பிழை. அத்துடன், இந்தியத் தொகைமதிப்பில் எழுத்தறிவு வீதம் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே கணிக்கப்படுகிறது என்பதால், முழுச் சனத்தொகையால் அதைப் பெருக்கவும் முடியாது. ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் போடப்பட்டிருந்த இலங்கையின் எழுத்தறிவு வீதமோ 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குரியது. இத்தகைய இரண்டு எண்களை அருகருகே வைத்து எந்த நாடு எவ்வளவு முன்னே நிற்கிறது என்று சொல்வது முறையாகாது.

இந்தியாவின் தொகைமதிப்பைப் பற்றி இந்த இடத்தில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, இரண்டாம் உலகப் போர் நடந்த 1941ஆம் ஆண்டிலும்கூட, தவறாமல் நடந்துவந்த கணக்கெடுப்பு அது. 2011இல் சுமார் 27 இலட்சம் பேர் வீடு வீடாகச் சென்று அந்தப் பணியைச் செய்தார்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு, கொரோனாப் பெருந்தொற்றைக் காரணமாகக் கொண்டு முதலில் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் மீண்டும் மீண்டும் பிற்போடப்பட்டது. 2027 மார்ச் 1ஆம் திகதியைக் கணக்கெடுப்பு நாளாகக் கொள்ளும் அறிவிப்பு 2025 யூனில்தான் வெளியானது. 1931க்குப் பின் முதற்தடவையாக எல்லாச் சாதிகளையும் அதில் பதிவு செய்யப்போவதாகவும் சொல்லப்பட்டது. ஆகவே, அந்த இடைக்காலத்தில் இந்திய மக்களைப் பற்றிச் சொல்லப்படும் எந்த எண்ணும் ஒன்றில் 2011இன் பழைய எண், அல்லது அதிலிருந்து முன்னோக்கிக் கணித்த மதிப்பீடு, அல்லது மாதிரி ஆய்வொன்றின் முடிவு. இதை ஒரேயொரு வரியில் அட்டவணைக்கு அடியில் போட்டிருந்தால், வாசகர் அதைப் படிக்கும் விதமே வேறாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் ஒரு வன்னி வாசகர் ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறார் என்று தாங்கள் நினைக்கக்கூடும். கணக்கெடுக்கப்படாமல் இருப்பதும், குறைத்துக் கணக்கெடுக்கப்படுவதும் என்னவென்று நாம் பட்டு அறிந்தவர்கள். இலங்கையில் 1981க்குப் பின் 1991இல் தொகைமதிப்பு நடக்கவில்லை. 2001இல் நடந்தது 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே முழுமை பெற்றது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அது நடைபெறவே இல்லை. 2012இல்தான் கிளிநொச்சி மாவட்டத்தில் 113,510 பேரும் முல்லைத்தீவு மாவட்டத்தில் 92,238 பேரும் இருக்கிறார்கள் என்று எழுதப்பட்டது. இடையில் 31 ஆண்டுகள். என் மூத்த மகள் பிறந்து, படித்து, மணமுடித்து, தானும் ஒரு தாயாகும் வரையில், அவள் பிறந்த மாவட்டத்தின் சனத்தொகை என்னவென்று முறைப்படி யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களை இங்கு குறிப்பிடாமல் இருக்க என்னால் இயலவில்லை. அப்போது போர்ப் பகுதிக்குள் அகப்பட்டிருந்த மக்களின் தொகை 70 ஆயிரம் அளவில் என்று உத்தியோகபூர்வமாகச் சொல்லப்பட்டுவந்தது. போர் முடிந்து செட்டிகுளம் மெனிக்பாமிலும் ஏனைய முகாம்களிலும் பதிவானவர்களோ 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். குறைத்துச் சொல்லப்பட்ட அந்த எண்களைக் கொண்டே உணவும் மருந்தும் அளந்து அனுப்பப்பட்டன என்பதை ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுள் நானும் ஒருவன். அண்டா ஏன் எப்போதும் வரிசை முடிவதற்கு முன்னரே வெறுமையாகிறது என்பதை அந்த அறிக்கையை வாசித்த பின்னர்தான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். சனத்தொகை என்று தலைப்பிட்ட ஓர் எண்ணை, அது எந்த நாட்டுடையதாக இருந்தாலும், எப்போது எடுத்தது, யார் எடுத்தது என்று கேளாமல் கடந்துபோக அதன் பிறகு என்னால் முடிவதில்லை.

இந்தியாவிலும் இது உணவோடு தொடர்புடைய கேள்வியாகவே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கிராமத்து மக்களில் 75 வீதம் வரையும் நகரத்து மக்களில் 50 வீதம் வரையும் பங்கீட்டுத் தானியம் பெற உரித்துடையவர்கள் என்கிறது. அந்த வீதங்களை 2011இன் எண்ணிக்கைக்குப் பிரயோகித்து வந்த தொகைதான் 81 கோடியே 35 இலட்சம். சனத்தொகை கூடிக்கொண்டு போனாலும், புதிய தொகைமதிப்பு இல்லாதபடியால் அந்த உச்ச வரம்பு ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது. சட்டத்தின் வீதங்களை நடப்புச் சனத்தொகைக்குப் பிரயோகித்தால் மேலும் 10 கோடிப் பேர் பங்கீட்டு அட்டைக்கு உரியவர்கள் ஆவார்கள் என்று அந்நாட்டுப் பொருளியலாளர்கள் 2020இலேயே கணித்துக் காட்டினார்கள். தங்கள் அட்டவணையில் இந்த 81 கோடி 'அரசின் இலவசத் தானியம் பெறுவோர்' என்று பெருமையாக இடம்பெற்றிருந்தது. அது எந்த ஆண்டின் தலைக்கணக்கு என்ற குறிப்பு அங்கே கட்டாயம் இருந்திருக்க வேண்டும்.

அடுத்ததாக, நகரவாசிகளின் வீதம். இந்தியா 31, இலங்கை 18 என்று ஒப்பிட்டிருந்தீர்கள். இதை வாசித்த மாணவர் ஒருவர், அப்படியானால் இந்தியா எங்களைவிட நகரமயமான நாடா என்று என்னிடம் கேட்டார். அவரை வெளியே அழைத்துவந்து ஏ9 வீதியைக் காட்டினேன். வங்கிகளும், புகையிரத நிலையமும், மாவட்டச் செயலகமும், ஆடைக் கடைகளும், தனியார் கல்வி நிலையங்களும் வரிசையாக நிற்கும் கிளிநொச்சி நகரம், இலங்கைத் தொகைமதிப்பில் கிராமம். காரணம், 1987இல் பட்டினசபைகள் இல்லாமற் செய்யப்பட்டு அவற்றின் பகுதிகள் பிரதேச சபைகளுடன் சேர்க்கப்பட்ட பின்னர், மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் வாழ்பவர்களை மட்டுமே இந்நாடு நகரவாசிகளாகக் கணக்கிடுகிறது. கிளிநொச்சி நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள் அடங்குகிறது. முல்லைத்தீவு நகரம் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைக்குள் அடங்குகிறது. ஆகவே 2012இன் ஏட்டில் இவ்விரு மாவட்டங்களிலும் நகரவாசி என்று ஒருவர்கூட இல்லை. இந்தியாவிலோ நகராட்சி இல்லாத ஓர் ஊரிலும் 5,000 பேருக்குக் குறையாமல் வாழ்ந்து, வேலை செய்யும் ஆண்களில் 75 வீதத்தினருக்குக் குறையாதோர் விவசாயமல்லாத தொழில்களில் இருந்து, ஒரு சதுர கிலோமீற்றருக்கு 400 பேராவது இருந்தால், அதைத் தொகைமதிப்பு நகரம் என்று எழுதிக்கொள்கிறார்கள். 2001க்கும் 2011க்கும் இடையில் அத்தகைய நகரங்கள் 1,362இலிருந்து சுமார் 3,900 ஆகப் பெருகின. அந்த நாட்டின் அளவுகோலால் எங்கள் கிளிநொச்சியை அளந்தால் அது கிராமமாக இருக்குமா என்பதை அந்த மாணவர் தானே யோசித்துப் பார்த்தார். 31ஐயும் 18ஐயும் பக்கத்தில் வைப்பதில் ஏதும் அறிய முடியாது என்று அவருக்கே விளங்கிவிட்டது.

அரசாங்கம் பற்றிய பகுதி சுருக்கமாகவும் பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. 28 மாநிலங்கள், 8 ஒன்றியப் பிரதேசங்கள், மக்களவையில் 543 ஆசனங்கள், 2024 தேர்தலில் வாக்களித்தோர் ஏறத்தாழ 64 கோடி ஆகியவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த 543 ஆசனங்கள் மாநிலங்களுக்கிடையே 1971ஆம் ஆண்டின் சனத்தொகையை வைத்துப் பங்கிடப்பட்டவை என்ற செய்தியைச் சேர்த்திருந்தால், அரசாங்கம் என்ற பகுதிக்கும் மக்கள் என்ற பகுதிக்கும் உள்ள உறவு வெளிப்பட்டிருக்கும். பிள்ளைப்பேற்றைக் குறைத்த மாநிலங்கள் ஆசனத்தை இழக்கக் கூடாது என்பதற்காக 1976இல் அந்தப் பங்கீடு உறைய வைக்கப்பட்டது. 2026க்குப் பின் எடுக்கப்படும் முதலாவது தொகைமதிப்பு வெளியாகும்வரை அதை நீடிக்க 84ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வழிசெய்தது. தமிழ்நாட்டுக்கு 39, உத்தரப் பிரதேசத்துக்கு 80 என்ற இன்றைய கணக்கைப் பற்றித் தென்னிந்தியாவில் எழுந்த கவலை முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

மொழி பற்றிய வரியில் 'இந்தி பேசுவோர் 43.6 வீதம்' என்று இருந்தது. 2011இன் கணக்கு அதுதான். எனினும் போஜ்புரியைத் தாய்மொழியென்று சொன்ன சுமார் 5 கோடிப் பேரும், ராஜஸ்தானி முதலான வேறு பல மொழிகளைச் சொன்னவர்களும் அந்தத் தொகைமதிப்பில் இந்தியின் கீழேயே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மக்கள் தங்கள் வாயால் சொன்ன பெயர்கள் 19,500க்கும் மேல் இருக்க, அவை தொகுக்கப்பட்டு 121 மொழிகளாக அச்சிடப்பட்டன. ஒருவரை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்பதை எழுதுபவர் தீர்மானிக்கும்போது என்ன நடக்கிறது என்பதும் வன்னிக்குப் புதிதல்ல. 1958, 1977, 1983 ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில், ஒரே பெற்றோரின் பிள்ளைகளுள் ஒருவர் இந்தியத் தமிழர் என்றும் இன்னொருவர் இலங்கைத் தமிழர் என்றும் பதியப்பட்டிருப்பதை நான் பாடசாலை இடாப்பிலேயே கண்டிருக்கிறேன்.

சராசரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்தியா அளவுக்குப் பெரிய ஒரு நாட்டை ஒரே எண்ணால் சொல்லும்போது மிக முக்கியமானது விடுபட்டுப் போகிறது. 1,000 பிறப்புகளுக்கு 28 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறக்கின்றன என்று தந்திருந்தீர்கள். அது 2020ஆம் ஆண்டுக்கான எண். அதே ஆண்டில் கேரளத்தில் அது 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43. ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 2.0 என்று 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் அது 1.8, பீகாரில் 3.0. எழுத்தறிவில் கேரளம் 94, பீகார் 61.8. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரம்தான். எங்கள் பிள்ளைகள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இந்தியா தமிழ்நாடு. நாட்டின் சராசரியோடு தமிழ்நாட்டுக்கு ஒரு நிரலைச் சேர்ப்பது எமது வாசகர்களுக்கு எவ்வளவோ பயன் தந்திருக்கும்.

எங்கள் நாட்டுக்கும் இது பொருந்தும். 2012/13இல் இலங்கையின் வறுமை வீதம் 6.7 என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கப்பட்டபோது, முல்லைத்தீவில் அது 28.8 ஆக இருந்தது. 2016இல் நாட்டுக்கு 4.1, கிளிநொச்சிக்கு 18.2. அந்தச் சராசரியை மட்டும் படித்த கொழும்பு வாசகர் ஒருவருக்கு இரணைமடுவுக்கு இப்பால் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிய வழியில்லை.

பொருளாதாரப் பகுதியில்தான் எண்களின் அளவுகோல்கள் மிகவும் குழம்பியிருந்தன. மொத்த உள்நாட்டு உற்பத்தி 3.9 இலட்சம் கோடி டொலர் என்பது உலக வங்கி 2024க்குத் தந்த தொகை, அது சரி. ஆனால் அடுத்த வரியில் தலா வருமானம் 11 ஆயிரம் டொலர் என்று இருந்தது. முதலாவது சந்தை நாணய மாற்று வீதப்படி வந்தது. இரண்டாவது, உள்ளூர் விலைவாசிக்கு ஏற்பச் சீராக்கிய கொள்வனவுச் சக்திப்படி வந்தது. முதலாவது முறையிலேயே கணித்தால் தலா வருமானம் சுமார் 2,700 டொலர்தான். பக்கத்தில் இலங்கைக்குத் தந்திருந்த 4,500 டொலர் சந்தை வீதப்படியானது. இதைக் கண்ட வாசகர் இந்தியர் ஒருவர் எம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கிறார் என்று முடிவு செய்வார். உண்மையில் ஒரே அளவுகோலில் வைத்தால் இலங்கையின் எண்ணே பெரியது.

வேலையின்மை 3.2 வீதம் என்பதும் அவ்வாறே. இந்திய அரசின் 2023-24 தொழிற்படை ஆய்வு, ஒருவரின் ஓராண்டு நிலையைப் பார்த்து 3.2 என்றும், ஒரு வாரத்து நிலையைப் பார்த்து 4.9 என்றும் இரண்டு விடைகள் தருகிறது. அந்த ஒரு வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலை உள்ளவரே. அதே ஆய்வுத் தொடரில், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் தொழிற்படையில் இருப்போர், அதாவது வேலை செய்வோரும் வேலை தேடுவோரும், 2017-18இல் 23.3 வீதமாக இருந்து 2023-24இல் 41.7 வீதமாக உயர்ந்திருக்கிறார்கள். இது பெரிய மாற்றம்தான். அவர்களில் ஒரு பகுதியினர் குடும்பத்தின் வயலிலோ கடையிலோ கூலி வாங்காமல் உழைப்பவர்கள் என்பதைச் சேர்த்து வாசித்தால்தான் அது என்ன மாற்றம் என்று விளங்கும். முத்தையன்கட்டு வயல்களில் விடிய முன்னர் களை பிடுங்கப் போய், வெயில் ஏறும் நேரம் வீடு திரும்பிச் சமைக்கும் பெண்ணிடம், படிவத்தோடு வருபவர் 'என்ன வேலை?' என்று கேட்டால், 'வேலை ஒன்றும் இல்லை, வீட்டில்தான்' என்றே பதில் வரும். கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அந்தப் பெண் எண்ணுக்குள் வருவார் அல்லது வெளியே நிற்பார்.

வறுமைக்கு அட்டவணை 5.3 வீதம் என்றது. அது உலக வங்கி ஒரு நாளைக்கு 3 டொலர் என்ற கோட்டை வைத்து 2022-23க்குக் கணித்தது. இந்திய அரசின் நிதி ஆயோக், கல்வி, சுகாதாரம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த பல்பரிமாண வறுமைக் கணிப்பு 2019-21க்கு 14.96 வீதம் என்கிறது. அதற்கு முன் உத்தியோகபூர்வ வறுமைக் கோட்டின்படி 2011-12இல் சொல்லப்பட்டது 21.9 வீதம். இவை மூன்றும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். 5.3ஐ மட்டும் கேள்வியில்லாமல் அச்சிட்டதையே நான் குறையாகச் சொல்கிறேன். விவசாயம் உற்பத்திப் பெறுமதியில் சுமார் 18 வீதத்தைத் தர, உழைப்பவர்களில் 46 வீதமானோர் அதிலேயே தங்கியிருக்கிறார்கள் என்ற இரண்டு எண்களையும் சேர்த்துப் போட்டதற்காகத் தங்களைப் பாராட்டுகிறேன். அந்த அட்டவணை முழுவதிலும் இந்தியக் கிராமத்து வாழ்க்கையை நேராகச் சொன்ன இடம் அதுவே.

தாங்கள் இந்த வரிசையில் அடுத்து இலங்கையையும் தரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்கும் இது தேவைப்படும். 2024 டிசெம்பரில் நடந்த தொகைமதிப்பின் ஆரம்ப முடிவுகளில் நாட்டின் சனத்தொகை 2 கோடியே 17 இலட்சம் என்றும், வருடாந்த வளர்ச்சி வீதம் முல்லைத்தீவில் எல்லாவற்றிலும் கூடுதலாகவும் வவுனியாவில் எல்லாவற்றிலும் குறைவாகவும் இருப்பதாகவும் வந்தது. விளக்கமில்லாமல் இதை அச்சிட்டால், முல்லைத்தீவில் பிள்ளைப்பேறு பெருகியிருக்கிறது என்றே தூரத்து வாசகர் நினைப்பார். 2012இல் முல்லைத்தீவின் மக்கள் பலர் இன்னும் தங்கள் காணிகளுக்குத் திரும்பவில்லை என்பதும், இடம்பெயர்ந்தவர்களுக்கு நெடுங்காலம் இடம் கொடுத்து நின்ற மாவட்டம் வவுனியா என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்திய அட்டவணையை மீண்டும் ஒருமுறை வெளியிடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் ஆண்டையும், அடியில் சிறிய எழுத்திலேனும் அது என்ன அளவுகோல் என்பதையும் குறிப்பிடுங்கள். தேசிய சராசரிக்குப் பக்கத்தில் ஆகக் கூடிய மாநிலத்தையும் ஆகக் குறைந்த மாநிலத்தையும், இடம் இருந்தால் தமிழ்நாட்டையும் தாருங்கள். இடம் போதாவிட்டால் இருபது எண்களைப் பத்தாகக் குறைத்தாலும் எங்களுக்குச் சம்மதம். அந்த மாணவர்கள் மூவரிடமும் கொப்பியில் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம் என்றும், வலப்பக்கத்தில் ஒரு நிரலை வெறுமையாக விட்டு வைக்குமாறும் சொல்லியிருக்கிறேன். தங்கள் திருத்தம் வந்ததும் ஆண்டுகளை அதில் எழுதிக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கிளிநொச்சி.